சூடு தெரியாத கால்

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்தது தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில். ஆனால் யார் எடுத்தது என்று என்னைக் கேட்டால் நான் எந்த டாக்டரையும் கை காட்ட மாட்டேன். இவரோடு கூடப் பிறந்த அண்ணனை, என் மூத்தாரைத்தான் காட்டுவேன். அவருக்குக் கூட்டாளியாக உள்ளேயே ஒன்று இருந்து வேலை பார்த்தது. அதற்குச் சர்க்கரை என்று பெயர். இத்தனை பொல்லாத ஒன்றுக்கு இத்தனை இனிப்பாகப் பெயர் வைத்தவன் எவனோ, அவன் என் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

எங்களுக்கு வலங்கைமான் பக்கம் ஊர். மாமனார் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போர்செட் மட்டும் மூத்தார் பங்கில் விழுந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் இருவரும் முறை வைத்து இறைத்துக்கொள்வது என்று நாலு பேர் முன்னால் பேச்சு. சில வருஷம் அந்தப் பேச்சு நின்றது. அப்புறம் ஒரு வருஷம் ஆனி பிறந்தும் ஆறு வறண்டு கிடந்தது. குறுவைக்கு விட்டிருந்த எங்கள் நாற்றங்கால் நுனியிலிருந்து பழுக்க ஆரம்பித்தது. இவர் அண்ணன் வீட்டுக்குப் போய் எங்கள் முறையைக் கேட்டார்.

முறையாவது மண்ணாவது என்று மூத்தார் ஆரம்பித்திருக்கிறார். இவரும் விடவில்லை. பேச்சு தடித்தது. மூத்தார் விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, இவர் படியோரம் கழற்றி விட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகத் தெருவில் வீசினார். ஒன்று டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களின் காலடியில் போய் விழுந்தது.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால்கூட நாலு நாளில் ஒரு சாவு வீட்டிலோ கல்யாணத்திலோ பேசிக்கொள்வார்கள். வாசலில் விட்ட செருப்பை எடுத்து எறிவது அப்படி இல்லை. இனி நீ இந்த வாசலுக்கு ஆள் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற மாதிரி. இவர் அந்தச் செருப்பை எடுக்கக் குனியவில்லை. நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்று சொன்னார்.

"எந்தக் கை தூக்கி எறிஞ்சிச்சோ, அதே கை கொண்டாந்து என் கால்ல போடணும். அதுவரைக்கும் எனக்குச் செருப்பு கிடையாது."

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பேன். நாற்று எங்கள் கண் முன்னால் கருகியது. அந்த வருஷம் எங்களுக்குக் குறுவை இல்லை. மூத்தார் வயல் மட்டும் பச்சைப் பசேல் என்று ஆடிக்கொண்டிருந்தது. கடைத்தெருவுக்குப் போக எனக்கு அந்த வயலோரம்தான் வழி. போகும்போதும் வரும்போதும் வயிறு எரியும். நாசமாய்ப் போக என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன்.

இவருக்குச் சர்க்கரை அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது. மாமனாருக்கு இருந்தது, மாமியாருக்கும் இருந்தது. நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், அண்டா குண்டானைக்கூடப் பிரித்தார்கள். இதை மட்டும் யாரும் பிரிக்காமல் இரண்டு பிள்ளைகளுக்கும் முழுசாக வந்து சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாசாமாசம் மாத்திரை கொடுப்பார்கள். இவர் ஞாபகம் வந்தால் போடுவார். நடவு, களையெடுப்பு என்று வேலை வந்துவிட்டால் மாத்திரை பரண் மேல் கிடக்கும். எப்போது ரத்தம் எடுத்தாலும் முந்நூறுக்கு மேலே காட்டும். நர்ஸ் அம்மா திட்டுவார். வெயிலில் வேலை செய்கிற உடம்பு, சர்க்கரை தானாகக் கரைந்துவிடும் என்று இவர் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன நோய் என்பார். அது வலிக்காமல் வேலை செய்கிற சாதி என்று எங்களுக்குத் தெரியாது.

செருப்பில்லாமல் அவர் நடந்த அந்த ஒரு வருஷத்தில் சில சங்கதிகளைக் கவனித்தேன். வரப்பில் நடக்கும்போது கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நின்றுவிடுவார். பயிரைப் பார்ப்பார். மறுபடி நடப்பார். மறுபடி நின்று பயிரைப் பார்ப்பார். முன்பெல்லாம் இப்படி ஆற அமரப் பயிர் பார்க்கிற ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் பளபளவென்று ஆகியிருந்தது. பாதம் எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருக்கும். மண்ணிலும் ஈரத்திலும் திரிகிற கால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கத்திரி வெயிலில்தான் ஊர் இவரைப் பேச ஆரம்பித்தது. நடுப்பகலில் தார்ரோட்டில் நாய்கூடக் கால் வைக்காது. இவர் கடைத்தெருவிலிருந்து உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நடந்து வருவார். சுடவில்லையா என்று கேட்டால், ஒன்றும் தெரியவில்லை என்பார். மனுஷனுக்கு என்ன வைராக்கியம் பார்த்தாயா, சபதம் காலில் இறங்கிவிட்டது, அண்ணன்காரன் இனித் தப்ப முடியாது என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு மூத்தார் காதுக்கும் போனது. என் காதில் விழுந்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சம் இல்லை.

அதே நினைப்போடுதான் அந்த ஆடியில் இவர் அம்மன் கோவிலில் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டார். சர்க்கரைக்காரன் தீ மிதிக்கக் கூடாது என்று எங்களுக்கு எவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். குழியில் கங்கு தகதகவென்று கிடந்தது. முன்னால் இறங்கியவர்கள் ஓடினார்கள். இவர் ஓடவில்லை. வரப்பில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து, குழியின் மறுமுனைக்கு வந்து, கூட்டத்தில் நின்ற அண்ணனை நேராகப் பார்த்தார். ஊரே குலவையிட்டது. மூத்தார் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அன்று என் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் இடது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஒரு பெரிய கொப்புளம் இருந்தது. அம்மன் கொடுத்த தழும்பு என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். கொப்புளம் உடைந்தது. புண் ஆறவில்லை. சம்பா நாற்று விடும் வேலை, சேற்றில் அதே காலோடு இறங்கினார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு வலிக்கவில்லை. ஒருநாள் சோறு போடும்போது ஒரு வாடை வந்தது. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அடுப்படியெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால் வாடை அவர் காலிலிருந்து வந்தது. பெருவிரல் நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தது.

தஞ்சாவூருக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா முதலில் புண்ணைப் பார்க்கவே இல்லை. பாதத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, நாடி தேடினார். கிடைக்கவில்லை. கணுக்காலில் தேடினார். அங்கும் கிடைக்கவில்லை. ஸ்கேன் எடுக்க அனுப்பினார். வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, பாதத்துக்கு ரத்தமே போகவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்றார். ஒரு நெருப்புக் கொப்புளத்துக்குக் காலையா எடுப்பீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் மெல்லிசாக, வழுவழுப்பாக ஒரு தோல் இருக்கிறதாம். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால் அந்தத் தோல் கெட்டுப்போகும். கெட்ட இடத்தில் கொழுப்பு உள்ளே புகுந்து தங்கும். உடம்பு அதை எதிரி என்று நினைத்து மல்லுக்கு நிற்கும், அந்த இடம் வீங்கித் தடிக்கும், போகப் போகச் சுண்ணாம்பு ஏறி இறுகும். தேவைப்படும்போது விரிந்து கொடுக்க வேண்டிய குழாய் விரியாது. போதாததற்கு ரத்தமும் சட்டென்று உறைகிற குணத்துக்கு வந்துவிடும். நடக்கும்போது தசை கூடுதல் ரத்தம் கேட்கும், வராது, அதனால்தான் கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் விடும். இதற்கிடையில் அதே சர்க்கரை நரம்பையும் தின்றுவிடும், அதனால் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. பீடி வேறு குடிக்கிறார் இல்லையா என்று கேட்டார். குடிப்பார் என்றேன். காலில் நடந்ததுதான் நெஞ்சிலும் மூளையிலும் நடக்கும், கால் முன்னால் சொல்லிவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

வாய்க்கால் தூர்ந்துபோனால் ஆள் விட்டு வெட்டுகிறோமே, அப்படி வெட்டி விட முடியாதா என்று கேட்டேன். மேலே பெரிய குழாயில் அடைப்பு என்றால் பலூன் விட்டு விரிக்கலாம், முயற்சி செய்து பார்க்கிறோம், ஆனால் இவருக்குப் பாதத்துக்குப் போகிற சின்னக் குழாய்களே மூடிவிட்டன என்றார். முயற்சி செய்தார்கள். பலிக்கவில்லை. விஷம் மேலே ஏறத் தொடங்கியது. கையெழுத்துப் போட்டேன்.

ஆக, வைராக்கியமும் இல்லை, அம்மன் அருளும் இல்லை. சுடாமல் நடந்தது இவர் மன உறுதி இல்லை, கால் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. செத்துக்கொண்டிருந்த காலைப் பார்த்து ஊர் கைதட்டியது, நான் பூரித்துப்போனேன். இது புரிந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சர்க்கரையை என்ன செய்வது, அதன் கழுத்தைப் பிடிக்க முடியுமா? கழுத்து உள்ளவர் ஒருவர்தான் இருந்தார்.

இவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் விட்ட கையோடு நேராக மூத்தார் வீட்டுக்குப் போனேன். மூத்தார் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் முகம் பார்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் வாசலில் தூற்றினேன். எங்கள் பக்கம் ஒரு பொம்பளை இதைச் செய்துவிட்டால் அதற்கு மேல் சாபம் இல்லை. உள்ளே ஓரகத்தி, மூத்தார் சம்சாரம், ஐயோ என்று அலறியது கேட்டது. எனக்கு அவர் சாக வேண்டும் என்றுகூட இல்லை. அவருக்கும் ஒரு கால் போக வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் என் பழியைவிடப் பெரிய கஷ்டம் வீட்டுக்குள் காத்திருந்தது. மிச்சம் இருக்கிற வலது காலிலும் குழாய் பாதி அடைத்திருக்கிறது, இனி வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஒரு சின்னக் காயம் பட்டாலும் இதுவும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். இவர் அதைத் தொட மாட்டேன் என்றார். சபதம் சபதம்தானாம். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, அந்த ஒற்றைக் காலை வெறுங்காலாகவே சிமெண்டுத் தரையில் வைத்துத் தத்தித் தத்தி நடந்தார். வாசலுக்குப் போனார். கொல்லைக்குப் போனார். அவர் ஒவ்வொரு தரம் தத்தும்போதும் என் உயிர் போய்ப் போய் வந்தது.

கெஞ்சினேன். திட்டினேன். செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் காலைப் பிடித்தேன், உதறிவிட்டார்.

"ஒரு காலைக் குடுத்துட்டு வார்த்தையையும் விட்டுட்டா, அப்புறம் எனக்கு என்னடி மிச்சம்?" என்று கேட்டார்.

மாத்திரையை மட்டும் அடித்துப் பிடித்து வேளாவேளைக்குக் கொடுத்தேன், பீடியை அடுப்பில் போட்டேன். அவர் அதற்கெல்லாம் கட்டுப்பட்டார். செருப்புக்கு மட்டும் கட்டுப்படவில்லை. அந்தக் காலைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. நான் யார் வாசலில் மண்ணைத் தூற்றினேனோ அந்த மனுஷன் எங்கள் வாசலுக்கு வர வேண்டும். அவரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரைப் போய் நான் கூப்பிட வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது.

குழாயடியில் ஓரகத்தியைப் பிடித்தேன். கெஞ்சவில்லை. இவருக்கு அந்தக் காலும் போனால், அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உன் வீட்டுக் கூடத்தில் கிடத்திவிட்டுப் போவேன், சாகிறவரைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவள் குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள். நீ மண்ணைத் தூற்றினதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, அவருக்கும் சர்க்கரைதானே, மாத்திரைகூடப் போடுவதில்லை, தான் செய்த பாவத்துக்கு இது போதும் என்று கிடக்கிறார் என்றாள். எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாகக் கிடக்கட்டும் என்று தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மூத்தார் வந்தார். கையில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு. தெருவழியாக வரவில்லை, வெட்கம். கொல்லைப்பக்கம் கருவைக்காட்டைச் சுற்றி வந்தார். தம்பிக்குச் செருப்பு இல்லாமல் செய்த தனக்கும் வேண்டாம் என்று தன்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தம்பியின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, செருப்பை மாட்டினார். அடுத்த செருப்பைக் கையில் எடுத்தார். எடுத்த பிறகுதான் அதை மாட்டக் கால் இல்லை என்று உறைத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இவர் அண்ணன் தலையில் கை வைத்தார். இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

எனக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாரே என்று இவர் மேலும் கோபம் வந்தது. அவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

கொல்லைக் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடம் வந்திருந்தது. ஒரு காலின் தடம் மட்டும். மூத்தார் உட்கார்ந்திருந்ததில் அவர் பாதம் என் பக்கம் திரும்பியிருந்தது. நடுப்பாதத்தில் ஒரு கருவை முள் அடிவரைக்கும் ஏறி ஒடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு முடி இல்லை, தோல் பளபளவென்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன். தம்பிக்காக அழுதுகொண்டிருந்தார். முள்ளுக்காக அந்த முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

நான் வேண்டிக்கொண்டது தானாகவே என் வீட்டுக்கு நடந்து வந்திருந்தது. ஒன்றுமே செய்ய வேண்டாம். ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். முள் உள்ளேயே இருக்கும், வலிக்காது, சீழ் கட்டும், வாடை வரும்போது ஓரகத்தி அடுப்படியில் எலியைத் தேடுவாள். துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், துடைத்துவிடத்தான் குனிந்தேன்.

குனிந்தவள் இவரைப் பார்த்தேன். கட்டிலில் ஒரு காலைத் தொங்கவிட்டு, புதுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷன் இதே மாதிரி இன்னும் எத்தனை வருஷம் உட்கார வேண்டும். அதற்குள் அண்ணன்காரர் கால் போய், படுத்து, செத்து, புண்ணியவானாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். பாவம், தம்பிக்காக வெறுங்காலில் நடந்து செத்தார் என்று ஊர் பேசும். அது என்னால் பொறுக்க முடியாது.

முதல் தடவையாக மூத்தார் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினேன்.

"காலத் திருப்பிப் பாருங்க மாமா."

பார்த்தார். முள்ளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வலிக்கவே இல்லியேம்மா" என்றார்.

"இவருக்கும் வலிக்கல. இப்பவே ஆட்டோ வரச் சொல்றேன், தஞ்சாவூர் போங்க. உங்களுக்கு ரெண்டு காலும் இருக்கணும். ரெண்டு காலோட தினம் இங்க வந்து, இவர் எதிர்ல நிக்கணும். ஒத்தக் கால் ஆகி நீங்க தப்பிச்சுக்க நான் விட மாட்டேன்."

போனார். முள்ளை எடுத்தார்கள், அடைத்த குழாயில் பலூன் விட்டு வழி செய்தார்கள். கால் பிழைத்தது. இப்போது தினம் காலையில் வருகிறார், இவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறார். இவர் கட்டையை ஊன்றி எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் தலை கவிழ்கிறது. இவர் பேசுகிறார், சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை. சர்க்கரை போடாத காப்பியை டக்கென்று எதிரில் வைத்துவிட்டு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பேன். இல்லை என்றால் அங்கேயே போட வைப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி விரலிடுக்கு வரைக்கும் பார்க்கிறேன். என் மனசு மாறிவிட்டது என்று ஊர் சொல்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். அவர் நூறு வயசு இருக்க வேண்டும், ரெண்டு காலோடு இருக்க வேண்டும்.